கார் ஏன் 'மாட்டேன்' என்கிறது? 'வில்' என்ற ஆங்கிலச் சொல்லின் பல பொருள்கள்

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்த யாரைக் கேட்டாலும், 'வில்' வந்தால் எதிர்காலம் என்றுதான் சொல்வார்கள். கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு, இறந்தகாலத்தையும் நிகழ்காலத்தையும் விளக்கி முடித்துவிட்டு, மூன்றாவது கட்டத்தில் 'வில், ஷால்' என்று எழுதுவார்கள். அதோடு அந்தச் சொல்லுக்கான பாடம் முடிந்துவிடும். நானும் அப்படிப் படித்தவன்தான். பத்தாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் ஒரு நாள் பயிற்சி நோட்டோடு வந்து நின்றபோதுதான் இந்தச் சொல்லைத் திரும்பிப் பார்த்தேன்.

"த கார் வோன்ட் ஸ்டார்ட்" என்று நோட்டில் இருந்தது. "கார் இப்பத்தானே மாமா ஸ்டார்ட் ஆகலை? அப்புறம் எதுக்கு ஃப்யூச்சர் டென்ஸ் போட்டிருக்காங்க?" என்று கேட்டாள்.

"சரி, இதையே தமிழில் சொல்லு" என்றேன்.

"கார் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது."

அவள் கேள்விக்கான பதில் அவள் வாயிலேயே இருந்தது. 'மாட்டேங்குது' என்பதைப் பிரித்தால் 'மாட்டேன் என்கிறது'. கார் 'நான் மாட்டேன்' என்று சொல்கிறது என்றுதான் நாம் பேசுகிறோம். சாவி திரும்ப மாட்டேங்குது, மழை விட மாட்டேங்குது, சளி போக மாட்டேங்குது. உயிரில்லாத பொருளும் நம்மிடம் முரண்டு பிடிப்பதுபோல ஒரு பேச்சு. ஆங்கிலத்தில் 'வோன்ட்' என்று சொல்வதும் இதையேதான். 'வில் நாட்' என்பது தேய்ந்து வந்த வடிவம் அது. அந்த வாக்கியத்தில் 'வில்' காலத்தைக் காட்டவில்லை, மனசைக் காட்டுகிறது. கிளம்பக் காருக்கு மனசில்லை.

இந்த மனசுதான் அந்தச் சொல்லின் மூலப்பொருள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் 'வில்லன்' என்ற வினைச்சொல் இருந்தது. (நம் சினிமா வில்லனுக்கும் இதற்கும் உறவு கிடையாது. அவன் லத்தீன் வழியாக வேறு குடும்பத்திலிருந்து வந்தவன்.) விரும்புவது, வேண்டும் என்று நினைப்பது என்பதே அதன் பொருள். கூடவே வரும் 'ஷால்' என்ற சொல்லின் பழைய வடிவம் 'ஸ்குலன்'. அதற்குக் கடன்பட்டிருப்பது, கடமைப்பட்டிருப்பது என்று பொருள். ஜெர்மன் மொழியில் இன்றும் 'ஷுல்ட்' என்றால் கடன், குற்றம் என்ற இரண்டும்தான். அந்த மொழியில் 'வில்' பழைய இடத்தை விட்டு நகரவே இல்லை. 'இஷ் வில்' என்றால் 'எனக்கு வேண்டும்'. எதிர்காலம் சொல்ல 'ஆகு' என்ற பொருளுடைய வேறொரு வினையை வைத்திருக்கிறார்கள். ஆங்கிலம் தெரிந்தவர்கள் ஜெர்மன் படிக்கப் போனால் முதலில் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

விருப்பம் எப்படி எதிர்காலமாக மாறும்? நாம் விரும்புவது எதுவும் இன்னும் நடக்காத ஒன்றுதான். கையில் இருக்கும் பழத்தை யாரும் 'வேண்டும்' என்று கேட்பதில்லை. 'நாளைக்கு ஊருக்குப் போக நினைக்கிறேன்' என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் 'இவர் நாளைக்குப் போவார்' என்று எடுத்துக்கொள்கிறார். தலைமுறை தலைமுறையாக இப்படியே பேசிப் பேசி, விருப்பம் மெல்லப் பின்னால் போய் 'நடக்கும்' என்ற செய்தி முன்னால் வந்துவிட்டது. முதலில் மனிதர்களுக்கு மட்டும் சொன்ன சொல்லை அப்புறம் மழைக்கும் வெயிலுக்கும் சொல்ல ஆரம்பித்தார்கள். மழைக்கு விருப்பம் ஏது? அந்தக் கட்டத்தில் சொல்லின் பழைய பொருள் வெளுத்துவிட்டது. ஆனால் முழுவதும் போய்விடவில்லை. துவைத்த வேட்டியில் தங்கிவிட்ட மஞ்சள் கறை மாதிரி, அது 'வோன்ட்' போன்ற இடங்களில் இன்னும் தெரிகிறது.

இது ஆங்கிலத்தில் மட்டும் நடந்த கதை இல்லை. பழைய கிரேக்கத்தில் 'தெலோ' என்றால் விரும்புகிறேன். அதிலிருந்து தேய்ந்து வந்த 'தா' என்ற ஓரெழுத்துதான் இன்றைய கிரேக்க மொழியின் எதிர்கால அடையாளம். ஆப்பிரிக்காவின் சுவாஹிலியில் 'டகா' என்றால் வேண்டும். அதன் மிச்சமான 'டா' வினைக்குள் புகுந்து எதிர்காலம் காட்டுகிறது. பாரசீகத்திலும் எழுத்துநடையில் எதிர்காலம் சொல்ல 'விரும்பு' என்ற வினையே துணைக்கு வருகிறது. ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத மொழிகளும் ஒரே பாதையில் நடந்திருக்கின்றன. பிரெஞ்சு வேறு வழியில் போனது. 'பாட இருக்கிறேன்' என்பதுபோன்ற பழைய லத்தீன் தொடர் ஒட்டிச் சுருங்கி அதன் எதிர்கால விகுதியானது. நம்மிடமும் 'முதல்வர் நாளை மதுரை வர இருக்கிறார்' என்ற தொடர் உண்டு. ஆங்கிலத்தின் 'கோயிங் டு' நமக்கு இன்னும் நெருக்கம். 'மழை பெய்யப் போகிறது' என்று நாம் சொல்வதில் மழை எங்கே நடந்து போகிறது?

தமிழில் விருப்பம் எந்தப் பக்கம் போனது என்று பார்த்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது. 'வேண்டு' என்றால் விரும்பு. 'வேண்டுதல் வேண்டாமை இலான்' என்று நான்காவது குறளில் வருவது விருப்பு வெறுப்பு இல்லாதவன் என்ற பொருளில்தான். அதே சொல் இன்று 'காலையில் ஆறு மணிக்கு எழுந்திருக்க வேண்டும்' என்கிறது. எழுந்திருக்க எனக்கு விருப்பமே கிடையாது, கட்டாயம் மட்டும்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் விருப்பம் எதிர்காலமானது, தமிழில் விருப்பம் கடமையானது. சட்டத் தமிழில் 'ஷால்' வரும் இடத்தில் 'செய்தல் வேண்டும்' என்று எழுதுகிறோம். கடனைக் குறித்த ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக, ஆசையைக் குறித்த தமிழ்ச் சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

'மாட்டேன்' இன்னொரு திசையிலிருந்து வந்தது. பழைய தமிழில் 'மாட்டு' என்பது இயலுவதைக் குறித்தது, 'மாட்டேன்' என்றால் என்னால் ஆகாது. 'அழுகையை அடக்க மாட்டாமல் வெளியே போனாள்' என்று எழுதும்போது அந்தப் பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. அடக்க விருப்பமில்லாமல் என்று அதை யாரும் படிப்பதில்லை. ஆனால் 'நான் வர மாட்டேன்' என்றால் இன்று அது மறுப்பு. இயலாமை கொஞ்சம் கொஞ்சமாக விருப்பமின்மை ஆகிவிட்டது. விருப்பத்திலிருந்து புறப்பட்ட 'வோன்ட்', இயலாமையிலிருந்து புறப்பட்ட 'மாட்டேன்', இரண்டும் கிளம்பாத காருக்கு முன்னால் வந்து சந்தித்துக்கொள்கின்றன.

சரி, 'வில்' எதிர்காலத்தைக் காட்டாத மற்ற இடங்களுக்கு வருவோம். தமிழ் பேசுகிறவர்களுக்கு இவை கடினமே இல்லை. கடினம் என்று நம்மை நினைக்க வைத்தது பள்ளியின் மூன்று கட்டம்தான்.

இப்போது மணி பத்து. 'அப்பா கடையில் இருப்பார்' என்கிறோம். இருப்பார் என்பது வடிவத்தில் எதிர்காலம். சொல்வதோ இந்த நிமிஷத்தைப் பற்றிய ஊகம். ஆங்கிலத்திலும் இங்கே 'வில்'தான். 'எண்ணெய் தண்ணீரில் மிதக்கும்' என்பது என்றும் உள்ள இயல்பு. அங்கேயும் 'வில்' வரலாம். 'இந்த மண்டபம் ஐந்நூறு பேர் கொள்ளும்' என்பதற்கும் அதுவே. 'என் சின்ன வயதில் தாத்தா தினமும் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்வார்' என்று இறந்துபோனவரைப் பற்றிக்கூட எதிர்கால வடிவத்தில் பேசுகிறோம். அந்த இடத்தில் ஆங்கிலம் 'வில்'லின் இறந்தகால வடிவமான 'வுட்' போடும். பழக்கம் என்பது பலமுறை திரும்பிய விருப்பம்தானே.

தமிழில் இது எப்படி அமைந்தது என்பதற்குத் தனி வரலாறு உண்டு. 'கிறு', 'கின்று' என்ற நிகழ்கால இடைநிலைகள் தமிழில் பிற்காலத்தில் பரவியவை. அதற்கு முன் வினைகள் பெரும்பாலும் 'முடிந்தது', 'முடியாதது' என்று இரண்டாகத்தான் பிரிந்திருந்தன. இன்று எதிர்காலம் என்று நாம் சொல்லும் வடிவம் அந்த இரண்டாவது பக்கம் முழுவதையும் சுமந்தது. நிகழ்காலம் தனியாகப் பிரிந்து போன பிறகும் பழக்கமும் இயல்பும் ஊகமும் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டன. ஆங்கிலம் விருப்பத்தில் தொடங்கி இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஆங்கிலத்துக்கு எதிர்காலம் என்ற தனி வினைவடிவமே கிடையாது, 'வில்' ஒரு துணைவினை மட்டுமே என்று மொழியியலாளர் பலர் சொல்வது இதனால்தான். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

பிடிவாதம் காட்டும் 'வில்' ஒன்று இருக்கிறது. அழுத்திச் சொன்னால் மட்டும் அந்தப் பொருள் வரும். எத்தனை தடவை சொன்னாலும் கதவைச் சாத்தாமல் போகிறவனைப் பற்றி ஆங்கிலத்தில் 'ஹி வில் லீவ் த டோர் ஓப்பன்' என்பார்கள், 'வில்' மேல் குரலை ஏற்றி. நாம் அதற்கு ஒரு 'தான்' போடுகிறோம்: 'அவன் கதவைத் திறந்து போட்டுவிட்டுத்தான் போவான்.' எழுத்தில் அந்த அழுத்தம் தெரியாததால், மொழிபெயர்க்கிறவர்கள் 'அவன் கதவைத் திறந்து வைத்துச் செல்வான்' என்று எழுதிவிடுவதுண்டு. சொன்னவரின் எரிச்சல் முழுவதும் அங்கே காணாமல் போய்விடுகிறது.

அழைப்பு மணி அடிக்கிறது. ஆங்கிலத்தில் 'ஐ வில் கெட் இட்' என்று சொல்லி எழுந்து போவார்கள். அந்தக் கணத்தில் எடுத்த முடிவு, தானாக முன்வருவது. இதற்கு நாம் 'நான் பார்ப்பேன்' என்று சொல்வதே இல்லை. 'நான் பார்க்கிறேன்' என்கிறோம். விடைபெறும்போதும் 'நாளைக்கு வரேன்'. 'நாளைக்கு வருவேன்' என்று ஒருவர் சொன்னால் அதில் ஏதோ ஓர் உறுதியோ எச்சரிக்கையோ தொனிக்கிறது. கடன் கொடுத்தவர் வாசலில் நின்று சொல்கிற மாதிரி இருக்கிறது. அதாவது தமிழ் எதிர்காலத்தின் தன்மை வடிவத்திலும் கொஞ்சம் மனஉறுதி கலந்திருக்கிறது. 'ஐ வில் கம்' என்பதை எங்கே 'வருகிறேன்' என்றும் எங்கே 'வருவேன்' என்றும் எழுதுவது என்று தெரிந்தால் பாதி மொழிபெயர்ப்பு முடிந்த மாதிரி.

அக்கா மகளை இன்னொரு விதியும் குழப்பியிருந்தது. 'இஃப்' வந்தால் பக்கத்தில் 'வில்' வரக்கூடாது என்று மனப்பாடம் செய்திருந்தாள். மழை பெய்தால், பஸ் வந்தால் என்பதற்கெல்லாம் அந்த விதி சரிதான். ஆனால் வங்கியிலோ ஹோட்டலிலோ 'இஃப் யூ வில் சைன் ஹியர்' என்று பணிவாகச் சொல்வதைக் கேட்கலாம். விதி உடைந்ததா என்றால் இல்லை. அந்த 'வில்' எதிர்காலம் அல்ல, 'தயவுசெய்து நீங்கள் சம்மதித்தால்' என்பது. விருப்பம் என்ற பொருள் தெரிந்தவருக்கு இது விதிவிலக்காகவே தோன்றாது.

'வில்' எங்கே, 'ஷால்' எங்கே என்பதைப் பற்றி ஆங்கில இலக்கணக்காரர்கள் செலவழித்த காகிதம் ஏராளம். அதற்கு வித்திட்டவர் ஒரு கணித மேதை. முடிவிலிக்கு நாம் போடும், எட்டைப் படுக்கப் போட்ட குறியை 1655-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஜான் வாலிஸ், அதற்கு இரண்டு ஆண்டு முன்பு 1653-இல் ஆங்கில இலக்கணம் ஒன்றை லத்தீனில் எழுதினார். தன்மையில் 'ஷால்' வெறும் எதிர்காலம், 'வில்' வாக்குறுதி அல்லது மிரட்டல். முன்னிலையிலும் படர்க்கையிலும் இது தலைகீழ் என்று அதில் வகுத்தார். நம் ஊர்ப் பழைய இலக்கணப் புத்தகங்கள் வரை அந்த விதி வந்து சேர்ந்தது. அதை விளக்க வாத்தியார்கள் ஒரு கதை சொல்வார்கள். தண்ணீரில் விழுந்த வெளியூர்க்காரன் ஒருவன், 'ஐ வில் ட்ரௌன், நோபடி ஷால் சேவ் மீ' என்று கத்தினானாம். மூழ்கப் போகிறேனே, காப்பாற்ற யாருமில்லையே என்று அழ நினைத்தவன், 'மூழ்கியே தீருவேன், யாரும் என்னைக் காப்பாற்றக் கூடாது' என்று சொல்லிவிட்டானாம். கரையில் நின்றவர்கள் அவன் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுத்துச் சும்மா இருந்துவிட்டார்களாம்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மக்கள் அப்படிப் பேசியதில்லை. 1940 ஜூன் 4 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கடற்கரைகளில் போரிடுவோம் என்று சர்ச்சில் முழங்கியபோது ஒவ்வொரு வரியிலும் 'வி ஷால்' என்றே சொன்னார். 1942-இல் பிலிப்பைன்ஸை விட்டு வெளியேறிய அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் 'ஐ ஷால் ரிட்டர்ன்' என்றார். வாலிஸ் விதிப்படி இரண்டும் சாதாரண எதிர்காலச் செய்தியாக இருக்க வேண்டும். கேட்ட ஒருவருக்கும் அப்படிப் படவில்லை. கடன்பட்டவரின் குரல் அதில் இருந்தது: இது எங்கள்மேல் விழுந்த கடமை, செய்தே தீருவோம். சொல்லின் வேர் விதியைவிட வலுவாகப் பேசிய இடங்கள் அவை.

இதுவரை பேசியது வினையைப் பற்றி. பெயர்ச்சொல்லாக வரும் 'வில்' நம் வீட்டுப் பீரோவுக்குள்ளேயே இருக்கிறது. 'உயில்' என்று நாம் எழுதுகிறோமே, அது இந்த ஆங்கிலச் சொல்லேதான். உதட்டைக் குவித்துச் சொல்லும் அந்த முதல் ஒலிக்கு நம் வகரம் சரியாகப் பொருந்தாததால் 'உ' முன்னே வந்து நின்றது. அதனால் அம்பு எய்யும் வில்லோடு குழம்பாமலும் தப்பித்தது. உயிர் என்ற சொல்லோடு அதற்கு ஓர் ஓசை ஒற்றுமை இருப்பதால், தூய தமிழ்ச் சொல் என்றே பலரும் நினைத்திருக்கிறார்கள். மரண சாசனம், விருப்ப ஆவணம் என்றெல்லாம் எழுதுவதுண்டு என்றாலும் பத்திர எழுத்தர் முதல் வீட்டுத் திண்ணை வரை நிலைத்தது உயில்தான்.

கடன் வாங்க வேண்டிய அவசியமும் இருந்தது. சாகிறவர் தன் விருப்பப்படி சொத்தை எழுதிவைக்கும் ஏற்பாடு பழைய இந்து தர்மசாஸ்திரங்களில் இல்லை. சொத்து யாருக்கு என்பதைப் பிறப்பே முடிவு செய்தது. ஆங்கிலேய நீதிமன்றங்களோடுதான் இந்த வழக்கம் இங்கே வேர்விட்டது. 1870-இல் வந்த இந்து உயில் சட்டம் வங்காளப் பகுதிக்கும் சென்னை, பம்பாய் நகரங்களுக்கும் இதை முறைப்படுத்தியது. இங்கிலாந்திலேயே இந்த உரிமை அவ்வளவு பழையது இல்லை. நிலத்தை நேரடியாக உயில் எழுதும் உரிமை அங்கே பொதுவாகக் கிடைத்தது எட்டாம் ஹென்றி காலத்தில், 1540-இல் வந்த சட்டத்தால்தான்.

இன்று இந்தியாவில் நடப்பில் உள்ள 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் உயிலுக்குச் சொல்லும் விளக்கத்தில் விருப்பம் இரண்டு தடவை வருகிறது. தன் சொத்தைப் பற்றி ஒருவர் கொண்ட எண்ணத்தின் சட்டப்படியான அறிவிப்பு, தன் மரணத்துக்குப் பிறகு நிறைவேற வேண்டும் என்று அவர் விரும்புவது என்பது அதன் சாரம். அந்த விருப்பம் உண்மையானதுதானா என்று பார்க்கவே மற்ற நிபந்தனைகள் எல்லாம். எழுதுகிறவர் தெளிந்த மனநிலையில் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. மனம் மாறினால் உயிரோடும் தெளிவோடும் இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். விருப்பம் மாறக்கூடியது என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. நம் உயில்களில் வழக்கமாக வரும் 'சுயநினைவோடும் முழு மனதோடும், பிறர் தூண்டுதல் இல்லாமலும்' என்ற வரியை வெறும் சடங்கு என்று நினைக்காதீர்கள். வழக்கு வந்தால் முதலில் தோண்டப்படுவது அந்த வரிதான்.

இதில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. விருப்பத்தின் பெயரால் அமைந்த அந்த ஆவணத்துக்குள் 'விரும்புகிறேன்', 'நம்புகிறேன்' என்று எழுதினால் அது யாரையும் கட்டாமல் போகலாம். 1884-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், இறந்தவர் சொத்து முழுவதையும் மனைவிக்கு எழுதி, பிள்ளைகளுக்குப் பிரித்துக்கொடுப்பதில் அவள் சரியானதையே செய்வாள் என்ற முழு நம்பிக்கையோடு என்று சேர்த்திருந்தார். சொத்து மனைவிக்கே, அந்த வரி பிள்ளைகளுக்கு எந்த உரிமையும் தரவில்லை என்று தீர்ப்பானது. நம் பத்திர எழுத்தர்கள் 'சர்வ சுதந்திரமாக ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று எழுதும் அந்தப் பழைய நடையை எனக்குப் பிடிக்கும். 'வேண்டியது' என்று முடிவதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

கடன் வாங்கும்போது ஒரு சொல்லின் எல்லாப் பொருளும் கூடவே வருவதில்லை. உயில் என்ற சொல்லில் நமக்கு வந்தது காகிதம் மட்டும், மனசு வரவில்லை. அதனால் 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் 'லிவிங் வில்' செல்லும் என்று தீர்ப்பளித்தபோது தமிழில் ஒரு சிக்கல் எழுந்தது. செய்தியில் 'வாழும் உயில்' என்று படித்தவர்களுக்கு, உயிரோடு இருக்கும்போதே சொத்தைப் பிரிப்பதோ என்று தோன்றியிருக்கும். அதில் சொத்து எதுவும் இல்லை. மீளமுடியாத நோயில், பேசவும் முடியாத நிலைக்குப் போய்விட்டால் உயிர்காக்கும் கருவிகளைத் தொடர வேண்டுமா வேண்டாமா என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ விருப்பம் அது. இந்தப் பெயரை 1969-இல் அமெரிக்க வழக்கறிஞர் லூயிஸ் குட்னர் உருவாக்கியபோது ஆங்கிலக் காதுக்கு 'வில்' என்பதில் ஆவணமும் விருப்பமும் சேர்ந்தே கேட்டன. தமிழில் அப்படிக் கேட்காது. முன் மருத்துவ விருப்ப ஆவணம் என்று நீளமாக எழுதினாலும் பரவாயில்லை, அதுதான் நேர்மையான மொழிபெயர்ப்பு. 2023 ஜனவரியில் இதன் நடைமுறையை நீதிமன்றம் எளிதாக்கியது. மாஜிஸ்திரேட்டிடம் போகாமல் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் செய்யலாம். படுக்கையில் கிடக்கும் ஒருவரின் மனசைக் காக்கும் காகிதம் இது. பெயர் புரியாததாலேயே நம் மக்களிடம் போய்ச் சேராமல் நின்றுவிடக் கூடாது.

பெயர்ச்சொல்லின் இன்னொரு பெரிய உலகம் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் உள்ளே இருக்கிறது. இயேசு கற்பித்த ஜெபத்தின் ஆங்கில வடிவில் வரும் 'வில்', தமிழ் வேதாகமத்தில் சித்தம். 'உம்முடைய சித்தம் பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல...' என்று சொல்லி வளர்ந்தவர்களுக்குத் தேவசித்தம் அன்றாடப் பேச்சு. தமிழ் முஸ்லிம்கள் 'அல்லாஹ் நாடினால்' என்கிறார்கள். நாட்டம் என்ற பழந்தமிழ்ச் சொல் எவ்வளவு கம்பீரமாக அங்கே நிற்கிறது பாருங்கள். கோயில் வழக்கில் அது திருவுளம். ஒரு காரியத்துக்கு உத்தரவு கேட்க சாமி முன்னால் போடும் சீட்டுக்குத் திருவுளச் சீட்டு என்று பெயர். ஒரே ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் ஒவ்வொரு சந்நிதியிலும் ஒவ்வொரு சொல்லை எடுக்கிறது. எது சரி என்று சண்டை போட வேண்டியதில்லை. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்று பார்த்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

'ஃப்ரீ வில்' என்ற தத்துவச் சொல்லில் மட்டும் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். லத்தீனில் இதற்கு இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று விருப்பத்தைக் குறிக்கும் 'வொலுண்டாஸ்', இன்னொன்று தீர்மானிக்கும் திறனைக் குறிக்கும் 'ஆர்பிட்ரியம்'. 1524-இல் டச்சு அறிஞர் எராஸ்மஸும் 1525-இல் ஜெர்மன் மதச் சீர்திருத்தவாதி லூதரும் மனிதனுக்குத் தன் மீட்பைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் உண்டா என்று மோதிக்கொண்டது இரண்டாவது சொல்லை வைத்துத்தான். ஆங்கிலம் இரண்டையும் 'வில்' என்ற ஒரே பானையில் போட்டுவிட்டது. தமிழில் 'தன்னிச்சை' என்று மொழிபெயர்த்தால் ஓர் ஆபத்து இருக்கிறது. 'தன்னிச்சையான கைது' என்று செய்தியில் படிக்கும்போது அது சட்டத்தை மதிக்காத போக்கு. ஆச்சரியம் என்னவென்றால், அந்தக் கைதுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'ஆர்பிட்ரரி' என்ற சொல்லும் அதே 'ஆர்பிட்ரியம்' குடும்பத்தில் பிறந்ததுதான். சுதந்திரமான மனசு கட்டுப்பாடில்லாத மனசாகக் கெட்டுப்போகும் கதை இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி நடந்திருக்கிறது. இச்சை இல்லாமல் நடப்பதற்கு அறிவியல் பாடத்தில் அனிச்சைச் செயல் என்ற அருமையான சொல் இருக்கிறது. சூடான பாத்திரத்தைத் தொட்டவுடன் கை தானாகப் பின்வாங்குகிறதே, அது.

'வில்பவர்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வள்ளுவர் 661-ஆவது குறளில் அதற்கு மனத்திட்பம் என்று பெயர் வைத்துவிட்டார். வியாபாரத்தில் வரும் 'குட்வில்' வேறு கதை. ஒரு கடையைக் கைமாற்றும்போது சரக்கு, மேசை, நாற்காலிக்கு மேலே 'குட்வில்'லுக்கு ஒரு தொகை கேட்கிறார்கள். கணக்குப்பதிவியல் பாடம் அதை நற்பெயர் என்கிறது. பழைய வாடிக்கையாளர்கள் பழைய இடத்துக்கே திரும்பி வரக்கூடும் என்ற வாய்ப்புதான் அது என்று 1810-இல் இங்கிலாந்து நீதிபதி எல்டன் பிரபு ஒரு தீர்ப்பில் சொன்னார். மற்றவர்கள் மனதில் நம்மேல் இருக்கும் நல்லெண்ணத்துக்கு விலை போட்டு விற்கலாம் என்பதைச் சட்டம் அன்றைக்கே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

'வில்லியம்' என்ற பெயரும் இதே குடும்பம். 'வில்' என்ற மனஉறுதியும் 'ஹெல்ம்' என்ற தலைக்கவசமும் சேர்ந்த ஜெர்மானியப் பெயர் அது. 'வில்லி நில்லி' என்று விளையாட்டாகச் சொல்வதும் 'விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்' என்ற பழைய தொடரின் மிச்சம்தான். விரும்பாமைக்கு 'நில்' என்று ஒரு தனி வினையே அப்போது இருந்தது.

இந்தக் குடும்பத்தின் வேரைத் தேடி மொழியியலாளர்கள் இன்னும் பின்னால் போயிருக்கிறார்கள். தானாக முன்வருகிறவரைக் குறிக்கும் 'வாலன்டியர்' லத்தீன் கிளையில் வந்தது. அதே வேரின் சமஸ்கிருதக் கிளையில் 'தேர்ந்தெடு, விரும்பிக் கொள்' என்ற பொருளில் ஒரு வினை உண்டு. சாமியிடம் நாம் விரும்பிக் கேட்டுப் பெறும் வரம் அதிலிருந்து வந்தது. பெண் தானே மாலையிட்டுத் தேர்ந்துகொள்ளும் சுயம்வரமும் அதிலிருந்துதான். ஒரு வீட்டில் 'பொண்ணுக்கு வரன் பார்த்துக்கிட்டிருக்கோம்' என்று சொல்லும்போது, அந்த வரன் ஆங்கிலத்து 'வில்'லுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். இதைச் சொன்னதும் அக்கா மகள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்படின்னா வரனை விரும்பறது யாரு மாமா, பொண்ணா வீட்டுக்காரங்களா?" என்று கேட்டாள். சொல்லின் வேரைப் பார்த்தால் பெண்தான் என்றேன்.